இருமினால் நிறுத்து

"மணி என்னன்னு கேட்டா வாட்ச் வாங்கின கதையைச் சொல்லப்படாது, கேட்டியா?" என்றார் மேனேஜர் லக்ஷ்மிநாராயணன்.

கல்யாணராமன் தலையாட்டினான். "சொல்லலை சார். அதுவும் இது வாங்கின வாட்ச் இல்லை. அண்ணா கல்யாணத்துல..."

"நிறுத்து!"

எண்பத்திரண்டாம் வருஷம் மட்டாஞ்சேரியின் அந்த மிளகுக் கிடங்கு அன்றைக்குத் துடித்தது போல ஒருநாளும் துடித்ததில்லை. மிளகு வாங்குகிறவர் ஒருவர் மாஸ்கோவிலிருந்து வருகிறார். பிடித்தால் இருநூறு டன். பிடிக்காவிட்டால், பின்கட்டில் மிளகு புடைக்கும் முப்பது பெண்களுக்கும் திங்கள்கிழமை முதல் வேலை இல்லை. கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர்தான் தனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வேறு அவர் தந்தி அடித்திருந்தார். கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன் கல்யாணராமன்.

"முதல்ல பதில். அப்புறம் ஒரு காரணம், ஒரு உதாரணம். உடனே வாயை மூடிக்கணும்."

கல்யாணராமன் அத்தனையையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். வாசலில் கார் வந்து நின்றபோது வியர்வையில் 'பதில்' மட்டுமே மிச்சம். ரஷ்யக்காரருடன் கைகுலுக்கியதில் அதுவும் அவர் கைக்குப் போய்விட்டது.

"போச்சு சார்! எல்லாம் மறந்துபோச்சு!"

"பயப்படாதே. நான் பின்னாலேயே நிக்கறேன். நீ கதை அளக்க ஆரம்பிச்சா இருமறேன். இருமினா நிறுத்து."

நல்ல யோசனைதான். மிளகுக் கிடங்கில் இருமாத மனிதர் கிடையாது என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

ரஷ்யக்காரர் எர்ணாகுளத்து ஆபீஸ் ஒன்றிலிருந்து கூட்டிவந்திருந்த மொழிபெயர்ப்புக்காரப் பெண் முதல் கேள்வியைச் சொன்னாள். "மிளகுல ஈரம் உண்டான்னு கேக்காரு."

"உண்டு," என்று ஆரம்பித்தான் கல்யாணராமன். ஆனால் அளவுக்கு மேல் ஏற விடமாட்டோம், மூன்று நாள் வெயிலில் காயவைப்போம் என்று தொடர வாயெடுத்தான். மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நிறுத்திவிட்டான்.

அந்தப் பெண் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ரஷ்ய மொழியில் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தைக்கு இத்தனை வார்த்தையா என்று கல்யாணராமன் அசந்துபோனான்.

"மழையில சரக்கு நனைஞ்சது உண்டா?"

"போன மிதுன மாச மழையில எழுபது மூட்டை நனைஞ்சது. அதை..."

மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இருமினார். அத்தனையையும் அன்றைக்கே ஒதுக்கிவிட்டோம் என்பது கல்யாணராமனின் தொண்டையிலேயே நின்றது.

"நான் இல்லைடா! மேல சொல்லு!" என்று கத்தத்தான் லக்ஷ்மிநாராயணன் மூச்சை இழுத்தார். இழுத்த வேகத்தில் மிளகுத் தூசி உள்ளே போய், அவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது. அசல் இருமல். விடாத இருமல்.

"எலி உண்டா?"

"இருக்கு."

"கல்லு?"

"கிடக்கும்."

"பூஞ்சை?"

"பிடிக்கும்."

லக்ஷ்மிநாராயணன் கண்ணில் நீர் வழியச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணோ ஒவ்வொரு பதிலுக்கும் கையை ஆட்டி ஆட்டி இரண்டு நிமிஷம் பேசினாள். ரஷ்யக்காரரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் கல்யாணராமனைக் கட்டிப்பிடித்து முதுகில் ஓங்கித் தட்டினார். இருநூறு டன் முந்நூறாகிக் கையெழுத்தும் விழுந்தது!

"சபாஷ்டா!" என்றார் லக்ஷ்மிநாராயணன், குரல் வந்ததும். "எலி இருக்குன்னு சொல்லியே வித்துட்டியே!"

"நறுக்குன்னு பதில் போறும் சார். காரணமும் உதாரணமும் என்னத்துக்கு?"

அதே மிதப்பில், காருக்குள் ஏறப்போன அந்தப் பெண்ணிடம் போய் நின்றான். "ரஷ்ய பாஷை ரொம்ப நீளம், இல்லையாம்மா? நான் ஒரு வார்த்தை சொன்னா நீங்க ஒரு பக்கம் சொல்ல வேண்டியிருக்கே!"

அவள் சிரித்தாள்.

"பாஷை நீளமில்ல சாரே. நீங்க நிறுத்துன எடத்துலேருந்து மிச்சத்த நான்தான் சொன்னேன். உங்ககிட்ட மிளகு புடைக்கிற பேச்சியோட மவ நானு. இந்தக் கிடங்குச் சங்கதி அம்புட்டும் தெனம் எங்க வீட்டுலதான பேச்சு!"