அருணாதேவி பக்கம் சாய்ந்த ஜீப்

போனட்டின் நட்டநடுவில் வைத்த எலுமிச்சம்பழம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு இடது பக்கமாக உருண்டு, மட்கார்டில் ஒரு குதி குதித்து, வாசலில் படுத்திருந்த நாயின் மூக்கில் விழுந்தது.

மொக்கைச்சாமி இன்னொரு பழத்தை வைத்துப் பார்த்தார். அதுவும் அதே வழியில் போனது. நாய் இந்தத் தடவை முன்கூட்டியே எழுந்து தள்ளிப் படுத்துக்கொண்டது.

"வண்டி சாயுது," என்றார், இழவுச் சேதி சொல்கிற குரலில். "நேத்து ஆயில் மாத்த விட்டப்ப நேராத்தானய்யா நின்னுச்சு."

ஊருக்குப் புதிதாக வந்திருந்த செல்போன் டவர் அருகே நிறுத்திப் பார்த்தார். டவர் நேராக நின்றது. ஜீப் மட்டும் யாரிடமோ ரகசியம் கேட்பதுபோல இடது பக்கம் காதைச் சாய்த்து நின்றது.

அது பட்டாளத்து ஜீப். அவரும் நாரணாபுரத்துச் சகலை அய்யப்பனும் ஒரே ஏலத்தில் ஆளுக்கொன்றாக எடுத்தது. மலையேறும், காட்டாறு தாண்டும் என்று சொல்லித்தான் விற்றார்கள். சாத்தூர்ப் பக்கத்தில் ஏற மலையும் இல்லை, ஆற்றில் தண்ணீரும் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் கரிசல் மண் டிராக்டரையே விழுங்கி ஏப்பம் விடும்போது, அந்த ஜீப் மட்டும் காட்டுக்குப் போய் முதலாளியையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவரும். பெண்டாட்டிக்கு அடுத்தபடி அவர் உயிராக நினைத்தது அதைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். வரிசை அதுதானா என்பதில் அருணாதேவிக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

ஜீப்புக்குக் கதவு கிடையாது. கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக ஏறுகிறவள், செங்கல் சூளையில் ஒரு வாரம் கூலிக்குப் போனவள் மாதிரி இறங்குவாள். ஒரு தடவை சொந்தச் சித்தியே அவளை அடையாளம் தெரியாமல், "வேலைக்காரங்களுக்குப் பின்னால பந்தி," என்று சொல்லியிருக்கிறாள்.

"மூடுன காரு ஒண்ணு வாங்குங்க," என்று அவள் கேட்கும்போதெல்லாம் மொக்கைச்சாமியிடம் ஒரே பதில்தான்.

"மூடுன வண்டியில பொணந்தான் போகும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிச்சாப்பாட்டுக்கு அய்யப்பனும் அவர் மனைவி வெள்ளைத்தாயும் வந்திருந்தார்கள். வெள்ளைத்தாய் அருணாதேவியின் கூடப்பிறந்த தங்கை. அய்யப்பன் எலும்பைக் கடித்தபடி வாசலைப் பார்த்தார்.

"சகலை, வண்டி எந்தப் பக்கம் சாயுதுன்னு கவனிச்சீகளா? மதினி உக்கார்ற பக்கம்."

"சும்மா இருங்க சகலை."

"நான் சொல்லலை. ஊரே சொல்லுது. எங்க வண்டியப் பாருங்க, வேலு நட்ட மாதிரி நிக்குது. எங்க வீட்ல வெள்ளைத்தாய் கோழிக்குஞ்சு மாதிரி சாப்பிடுவா."

அருணாதேவி குழம்புச் சட்டியை இறக்கிவைத்த சத்தத்தில் பல்லி ஒன்று சுவரைவிட்டு விழுந்தது.

"நான்தான் சாய்ச்சேனாக்கும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்குப் போகையில இந்த வண்டி நேரா நிக்கணும். நிக்கலைன்னா வித்துட்டுக் காரு வாங்கணும். என் தங்கச்சி முன்னால சொல்லுங்க."

மொக்கைச்சாமி மீசையில் கை வைத்தார். "நிக்கலைன்னா வித்துர்றேன். இது சத்தியம்."

"நம்ம ராக்கப்பன்ட்டயே விடுங்க. எங்க ஊர்ப் பய. மனசாட்சியோட பாப்பான்," என்றாள் அருணாதேவி. வெள்ளைத்தாய்க்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

ராக்கப்பனின் ஒர்க்‌ஷாப் சிவகாசி ரோட்டில் இருந்தது. தீபாவளி சீசன் சூடுபிடித்து, பட்டாசு லோடு லாரிகள் ஊர்வலம்போல நின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு ராக்கப்பன் ஜீப்புக்குக் கீழே படுத்தான். அவன் மனைவி முத்துமாரியம்மாள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், முதலாளிக்கு டீயும் கொடுத்தாள்.

சாயங்காலம் வெளியே வந்தபோது ராக்கப்பன் முகத்தில் டாக்டர் களை இருந்தது.

"வலது பக்க ஸ்பிரிங்ல பட்டை ஒண்ணு கூடப் போட்டிருக்கேன் மொதலாளி."

"சாயிறது இடது பக்கமில்லடா?"

"அதான். வலதுக்குப் பலம் குடுத்தாத்தான் இடதுக்கு ரோஷம் வரும். ரெண்டு நாளு பொறுங்க."

இரண்டு நாள் பொறுத்தார். இடதுக்கு ரோஷம் வரவில்லை. வலது பக்கம் எழும்பி எழும்பி, இப்போது இடது சீட்டில் இருப்பவர் கையை நீட்டினால் ரோட்டோரத்து நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிவிடலாம். வலது சீட்டில் மொக்கைச்சாமி ஒட்டகத்தின் மேல் இருப்பதுபோல் இருந்தார். எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர், ஜீப் திரும்பப் போகிறது என்று நினைத்துப் பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்.

"இதுக்கு மெக்கானிக்கு ஆகாது மொதலாளி. எந்தப் பக்கம் கனம்னு எடை போட்டுப் பாத்துரணும்," என்றார் பண்ணை வேலை பார்க்கும் நாகையா.

விருதுநகரில் மிளகாய் லாரிகள் எடை போடும் மேடைக்கு ஜீப்பைக் கொண்டுபோனார் மொக்கைச்சாமி. போகிற வழியில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அருணாதேவியும் ஏறிக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மேடைக்காரர் கண்ணுச்சாமி முதலில் இடது சக்கரங்களை மட்டும் ஏற்றச் சொன்னார். பிறகு வலது சக்கரங்களை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு சீட்டையும் பார்த்தார்.

"ஆளில்லாத வண்டி ரெண்டு பக்கமும் சமந்தான் அண்ணாச்சி. மதினிய ஏத்தித்தான் பாக்கணும்."

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் அருணாதேவி.

"மிசினு பொய் சொல்லாது மதினி."

"மிசினு சொல்லாது. நீங்க சொல்லுவீகள்ல."

மொக்கைச்சாமி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சி அவளை ஏற்றினார். கண்ணுச்சாமி கணக்குப் பார்த்தார். லாரிகள் உறுமுகிற இடத்திலேயே நாளெல்லாம் இருந்து அவருக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்து, அருணாதேவியின் எடையை அவர் கூவிய கூவலில் மிளகாய் மண்டி மொத்தமும் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தியது. அடுத்த மேடையில் ஒருவர் அதே எடைக்கு உளுந்து விலை சொல்லிவிட்டார்.

அருணாதேவி இறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து மொக்கைச்சாமி வீட்டில் குழம்பு வைத்தார்கள், உப்பு வைக்கவில்லை.

"சமாதானம் பண்ண ஒரே வழிதான் அண்ணாச்சி," என்றார் கண்ணுச்சாமி. "துலாபாரம் மாதிரி, மதினி எடைக்கு எடை வத்தல் மூடைய வலது பக்கம் ஏத்திருங்க. வண்டி நேரா நிக்கும். ஊர்ப் பேச்சும் நின்னுரும்."

ஆடிக் கடைசி வெள்ளியன்று விடிந்ததும் நாகையா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மிளகாய் வத்தல் மூடைகளை அடுக்கித் தானும் ஏறிக்கொண்டார். அருணாதேவி மஞ்சள் சேலை கட்டி, முகத்தை ஒன்பது முழம் நீட்டிக்கொண்டு இடது பக்கம் ஏறினாள். மொக்கைச்சாமி போனட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

பழம் அசையவில்லை.

"பாத்தியா தேவி. நேரா நிக்குது."

"இருக்கன்குடியில நிக்கட்டும்," என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி.

பாதி வழி வரை ஜீப் தேர் மாதிரிப் போனது. அதன்பிறகு ஒரு பள்ளம். அடி மூடை கிழிந்தது. கதவில்லாத வண்டிக்குள் காற்று ஒரு சுற்றுச் சுற்றி, மிளகாய்த் தூசியை அள்ளி, அளவு பார்த்து, முழுவதையும் இடது சீட்டுக்கே படைத்தது. பின்னால் சைக்கிளில் வந்தவர்கள் தும்மிய தும்மலில் இரண்டு கிராமத்துக் கோழிகள் அன்று முட்டையிடவில்லை. மூடைகள் வழிநெடுகக் கொட்டிக்கொண்டே போக, ஜீப் பழையபடி அருணாதேவி பக்கம் படுத்துவிட்டது.

இருக்கன்குடி ஆற்று மணலில் கூட்டம் கடல்போல நின்றது. அதற்கு நடுவில் அருணாதேவி குதித்து இறங்கினாள். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. கொண்டை அவிழ்ந்து முடி காற்றில் பறந்தது. உடம்பு குலுங்கியது.

"ஹா," என்றாள். "ஹா, ஹா..."

தும்மல்தான். ஆனால் வெளியே வரவில்லை.

"ஆத்தா வந்துட்டா," என்று ஒரு கிழவி கும்பிட்டாள். அவ்வளவுதான். நாலு பக்கமும் குலவை கிளம்பியது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

"தாயி, என்ன குறை வச்சோம்? சொல்லு தாயி."

மஞ்சள் தண்ணீரில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அருணாதேவி ஒரு கண்ணை மட்டும் திறந்து சுற்றிப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூச்சு முட்டுதுடா எனக்கு," என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அவள் 'டா' போட்டது அதுவே முதல் தடவை.

"தொறந்த வண்டி ஆகாதுடா. வித்துருடா. மூடுன காரு வாங்குடா. ஏசி வச்சு வாங்குடா."

மொக்கைச்சாமி மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நாகையா கண்ணீர் வழிய, கையைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு கேட்டார்: "என்ன கலரு தாயி?"

"வெள்ளை," என்றது வாக்கு.

ஆத்தா சொல்லுக்கு அப்பீல் உண்டா? அடுத்த வாரமே ஜீப்பை ஒரு கல்குவாரிக்காரர் ஓட்டிப் போனார். நாய் ஊர் எல்லை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வெள்ளைக் கார் நின்றது. மொக்கைச்சாமி எலுமிச்சம்பழத்தைப் போனட்டில் வைத்தார். ஒட்டவைத்த மாதிரி நின்றது. அவருக்கு அழுகை வந்தது.

புதுக் கார் பார்க்க நாரணாபுரத்திலிருந்து வந்த அய்யப்பன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஜீப் காருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. அடுப்படியில் அக்காளும் தங்கச்சியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சகலை," என்று அய்யப்பனின் குரல் வந்தது. "மூடுன வண்டியில பொணந்தான் போகும்னு சொன்னது யாரு சகலை?"

அப்போது ராக்கப்பன் மனைவி முத்துமாரியம்மாள், தினத்தாளில் சுற்றிய நீளமான ஒரு பொருளோடு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா இல்லையா மொதலாளி? வேலையா இருக்காகளா? சரி, நீங்களே குடுத்துருங்க."

பிரித்துப் பார்த்தார். வில்போல வளைந்த இரும்பு.

"என்னம்மா இது?"

"ஒங்க ஜீப்பு இடது பக்கத்து ஸ்பிரிங் பட்டை. ஆயில் மாத்த வந்த அன்னைக்கு அக்கா கழட்டி வைக்கச் சொன்னாகள்ல, அதான். வெள்ளைத்தாய் அக்கா வீட்டு ஜீப்புக்கும் இன்னைக்குக் கழட்டணுமாம். அதுவும் பொண்டாட்டி உக்கார்ற பக்கந்தானான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு எங்க வீட்டுக்காரரு."

மொக்கைச்சாமி கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். வேல் நட்ட மாதிரி நின்ற சகலையின் ஜீப்பை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பக்கந்தான்," என்றார் குரலைத் தணித்து. "ஒண்ணு பத்தாது. ரெண்டாக் கழட்டச் சொல்லு."