வரும்போது வாங்கிட்டு வர்றேன்

இனிமேல் மனைவி பாப்பா அனுப்பும் செய்தி ஒன்றையும் பதில் போடாமல் விடுவதில்லை என்று இசக்கிமுத்து முடிவெடுத்தார். குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்று எடுத்த முடிவு. ஆண்கள் திருநீறு பூசிக்கொண்டு எடுத்த முடிவுகளால் நல்ல குடும்பங்கள் எத்தனையோ கலங்கிப்போயிருக்கின்றன. அது அவருக்குத் தோன்றவில்லை.

முடிவுக்குக் காரணம் முந்தின நாள் மதியச் சாப்பாடு. அவருக்குச் சுரங்கத்து ஸ்டோர்ஸில் வேலை. காலை ஷிஃப்ட்டுக்குப் போய் உட்கார்ந்ததிலிருந்து பாப்பாவின் செய்திகள் போனில் வந்துகொண்டே இருக்கும். தக்காளி இல்லை. கேஸ் வரவில்லை. மகள் சண்முகப்ரியாவுக்குச் சளி. எல்லாவற்றையும் படிப்பார். எதற்கும் பதில் போடமாட்டார். அன்று பாப்பா தட்டை வைத்தபோது அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே தரையைத் தொட்டது.

"படிச்சுட்டுப் பேசாம இருக்கிறதுக்குப் படிக்காமலே இருக்கலாம்."

"வேலை பாப்பா."

"ஒரு 'சரி' போடுறதுக்கு எத்தனை கான்ட்ராக்ட் ஆளுங்க வேணும்?"

அவர் சோற்றைப் பிசைந்தார். இதற்குள்ளே இன்னொரு பேச்சும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது வெளியே வந்தது.

"வைகாசியில ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாவியைக் குடுக்கணும். எங்க போறோம்னு இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லுங்க."

இசக்கிமுத்து மின்விசிறியைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர் மரங்களுக்கு நடுவிலேயே இருந்துவிட்டாள் பாப்பா. மகளைக் கடலூரில் கொடுத்திருக்கிறது. இங்கேயே பக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது அவள் ஆசை. அவரோ நாங்குநேரிப் பக்கம் இருக்கிற அண்ணன் சோமசுந்தரத்திடம், அண்ணன் வீட்டை ஒட்டின காலி மனையில் வந்து வீடு கட்டுவதாக எப்போதோ தலையாட்டிவிட்டார். அங்கே போனால் இந்த வயதில் அண்ணியின் அடுப்படியில் போய் நிற்க வேண்டும் என்பது பாப்பாவின் பயம். அண்ணனிடம் 'வரவில்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மனைவியிடம் 'போகிறோம்' என்று சொல்லவும் வராது. அதனால் வருஷக்கணக்காக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் போடுவதற்கு அவருக்குத் தோன்றிய வழி ஸ்டோர்ஸில் கற்றது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு சாமானுக்கு ஒவ்வொரு பெயர் எழுதுவார்கள். கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் உருளுவதை ஒருவர் 'ரோலர்' என்பார், ஒருவர் 'ரோலரு' என்பார், ஒருவர் வெறும் 'ரோல்' என்று முடித்துவிடுவார். இசக்கிமுத்து யூடியூப் பார்த்துப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து, எப்படி எழுதினாலும் எழுத்தின் சாயலை வைத்துக் கண்டுபிடிக்கிற ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இன்னும் அவர் முதுகில் இருந்தது.

ரோலரைக் கண்டுபிடிக்கிற புரோகிராமுக்கு மனைவி எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டார்.

மகள் விட்டுப்போன லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதி அதைப் போனில் ஏற்றினார். ஒரு லிஸ்டில் பாப்பா வழக்கமாகச் சொல்கிற சொற்கள். பக்கத்து லிஸ்டில் அதற்கான பதில்கள். செய்தி வந்ததும் புரோகிராம் லிஸ்டை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் எது பொருந்துகிறதோ அந்தப் பதிலைப் போட்டுவிட்டு நின்றுவிடும். அவள் அடிக்கடி சொல்வது 'வாங்கணும்', 'வாங்கிட்டு வாங்க', 'வாங்கலாமா'. அதனால் அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அந்தச் சாயலில் எது வந்தாலும் பதில்: 'சரி பாப்பா, வரும்போது வாங்கிட்டு வர்றேன்.' என்ன வாங்க வேண்டும் என்பதையும் செய்தியிலிருந்து உருவியெடுத்து, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு ஒரு லிஸ்டாகக் காட்டும். 'எப்ப' என்று வந்தால் 'ஷிஃப்ட்ல இருக்கேன், முடிஞ்சதும்.' 'சளி', 'காய்ச்சல்' என்று வந்தால் 'ஐயோ, கவனமா பாத்துக்கோ.' அந்த 'ஐயோ'வை எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். அவருக்கே மனசு இளகிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பழைய பேச்சு ஞாபகம் வந்தது. கடைசி வரியாக 'மனை', 'வீடு', 'ரிட்டையர்' மூன்றையும் போட்டு, 'நேர்ல பேசலாம்' என்று பதில் வைத்தார். அத்தனைக்கும் அடியில் வைத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு அமைதி வந்தது. தட்டு சத்தமில்லாமல் தரையைத் தொட்டது. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்சவல்லி, கம்மாபுரத்துக்காரி, வாசலில் நின்று பேசியது அவர் காதில் விழுந்தது.

"எங்க வூட்டுக்காரரு போனைத் தலைமாட்டுல வச்சிக்கினே நாள் பூரா கிடப்பாரு. ஒரு வார்த்தை பதில் வராது. அண்ணன் பாரு, நீ கேக்கறதுக்கு முன்னாடி போட்டுக்கினு இருக்காரு."

"ஆமாம்க்கா," என்றாள் பாப்பா. "மனுஷன் ரொம்ப மாறிட்டாரு."

இசக்கிமுத்து தலையணையில் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டார். ஒரு மனுஷன் கெட்டுப்போவதற்கு முன்னால் இப்படித்தான் நன்றாகத் தூக்கம் வரும்.

ஒரு புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தினார். காய்கறிக் கடை சிங்காரவேலு பையை விரித்துப் பிடித்தார். இசக்கிமுத்து போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், வந்த லிஸ்டை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"கொத்தமல்லி."

"போட்டாச்சு சார்."

"பச்சைமிளகா, நெல்லிக்காய்."

"போட்டாச்சு."

"அஞ்சு சென்ட் மனை."

சிங்காரவேலு பையை ஒருமுறை பார்த்தார். தராசை ஒருமுறை பார்த்தார்.

"அது நம்மகிட்ட வர்றதில்ல சார்."

இசக்கிமுத்து போனை இன்னும் தூரப் பிடித்துப் படித்தார். பிறகு கிட்டே பிடித்துப் படித்தார். இரண்டு தூரத்திலும் அதுவேதான் இருந்தது. செய்தியைத் திறந்தார். காலையில் பாப்பா எழுதியிருந்தாள்: 'காடாம்புலியூர் ரோட்டுல அம்சவல்லியக்கா அண்ணன் விக்கிற அஞ்சு சென்ட் மனை வாங்கலாமா?' அதற்குக் கீழே அவர் பதில் இருந்தது. 'சரி பாப்பா, வரும்போது வாங்கிட்டு வர்றேன்.'

மேலே இருந்த வரி முதலில் பொருந்திவிட்டது. அடியில் வைத்த 'மனை' வரைக்கும் புரோகிராம் இறங்கிப் போகவே இல்லை. இசக்கிமுத்து நெல்லிக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. நாங்குநேரியிலிருந்து அண்ணன்.

"ஏலே இசக்கி, குடும்ப குரூப்புல ஒம் பொஞ்சாதி போட்டிருந்ததப் பாத்தேன். மனையை என்னமோ கத்திரிக்கா மாதிரி, வரும்போது வாங்கிட்டு வர்றேம்னு சொல்லியிருக்கியேடே."

"அண்ணே, அது வந்து…"

"நீ கூச்சப்படாத. பொண்டாட்டிட்ட இவ்வளவு பிரியமாப் பேசுத ஆளு நம்ம குடும்பத்துல யாரு இருந்தா? ஒங்க மதினி படிச்சுட்டு அழுதுட்டா. காலையில இருந்து எங்கிட்ட முகங் குடுத்துப் பேசல."

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. நம்ம ஊர்ல, உங்க வீட்டுப் பக்கத்து மனை…"

"அதத்தான் சொல்ல வந்தேன். நீ வருவேன்னு அதக் காலியாவே போட்டு வச்சிருந்தேன். மருமகன் சிவக்குமாரு கேட்டுட்டே இருந்தாம். ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு ராத்திரியெல்லாம் ஒறக்கம் இல்ல. இப்ப ஒம் மனசு தெரிஞ்சு போச்சு. மத்தியானமே அவங்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். நல்லா இருடே."

இசக்கிமுத்து வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால், அதைச் சொன்னது தான் இல்லை என்றும் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் மனைவிக்குப் பதில் சொல்லி வந்தது ஒரு புரோகிராம் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். அழுதுகொண்டிருக்கிற அண்ணி காதுக்கும் அது போகும். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"சரிண்ணே," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்சவல்லி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு தட்டில் கேசரி.

"வாங்கண்ணா. பாப்பா குடுத்த முன்பணம் எங்க அண்ணன்கிட்ட சேந்துடுச்சு. ரெண்டு பலாமரமும் மனைக்குள்ளயே வருது. அத வெட்டிடாதீங்க. நான் வந்து பாத்துக்கினு இருப்பேன்."

அவள் எழுந்து போகும் வரைக்கும் அவர் கேசரியைத் தொடாமல் நின்றார். பாப்பா பையிலிருந்து காய்கறிகளை எடுத்துக் கூடையில் வைத்தாள். கொத்தமல்லியைத் தண்டு கிள்ளினாள். அவள் கையில் அவசரம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்தப் பதில் நான் போட்டது இல்ல."

"தெரியுமே."

"என்ன தெரியும்?"

"போன மாசம் வார லீவுல நீங்க இந்தக் கட்டில்ல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க. எப்ப எந்திரிப்பீங்கன்னு விளையாட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். உங்க தலைமாட்டுல கிடந்த போன், 'ஷிஃப்ட்ல இருக்கேன், முடிஞ்சதும்'னு எனக்குப் பதில் போட்டுச்சு. நீங்க புரண்டுகூடப் படுக்கல."

இசக்கிமுத்து கட்டிலைப் பார்த்தார்.

"முதல்ல அழுகையா வந்துச்சு," என்றாள் பாப்பா. கொத்தமல்லியை விட்டுவிட்டு நெல்லிக்காயை எடுத்தாள். "சளின்னா 'ஐயோ'ன்னு போட்டீங்களே, அதை நான் ப்ரியாகிட்டகூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அதுகிட்டயே தினம் பேசிப் பார்த்தேன். எது எழுதினா என்ன சொல்லுதுன்னு. குக்கருக்கு எத்தனை விசில்னு நமக்குப் பழகலையா, அது மாதிரி பழகிருச்சு. மனைன்னு எழுதினேன், நேர்ல பேசலாம்னுச்சு. வீடுன்னு எழுதினேன், அதுவும் நேர்ல பேசலாம்னுச்சு. நேர்ல வந்தா நீங்க ஃபேனைப் பார்க்குறீங்க. அப்புறம்தான் 'வாங்கலாமா'ன்னு சேர்த்து எழுதினேன்."

"அது மெஷின் பாப்பா. அதுக்கு என்ன தெரியும்? அதுகிட்டப் போய் இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்கலாமா?"

"உங்ககிட்டதான் இத்தனை வருஷமாக் கேட்டேனே."

அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. பாப்பா எழுந்து அதை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கேசரித் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அதுவே எல்லாம் பேசி முடிச்சிருச்சு. உங்களுக்கு ஒரு சிரமமும் வைக்கல. கையெழுத்துப் போட மட்டும் அதுக்கு வராதாம். வெள்ளிக்கிழமை காலையில ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நீங்க வந்தாப் போதும்."