துடைப்ப அறைக்கு முன்னால் ஒரு வரிசை

மதிப்பும் பிரியமும் உள்ள மைத்துனருக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் இப்போது தேவலை என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். உங்கள் அலுவலகத்தில் என் மகளுக்காக மாதக் கடைசி வரை ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, அவளைக் கையோடு அழைத்து வரும்படி உங்கள் அக்கா என்னை அனுப்பிவைத்தாள். வந்தேன். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள சுரங்கப்பாதையில்தான் அவளுக்கு வேலை. நடப்பவர்கள் விளையாடிக்கொண்டே போகிற மாதிரி அதை மாற்றித்தர வேண்டுமாம். அன்று பிற்பகல் அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால்தான் வேலை தொடரும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். தரையில் நீல டேப் ஓடுகிறது, சுவரில் ஏறுகிறது, கூரையில் ஒரு சுற்றுச் சுற்றித் தூண் வழியாக இறங்குகிறது. "பிளான் எங்கம்மா?" என்று கேட்டேன். "பிளானெல்லாம் கிடையாதுப்பா. ஜனங்க எப்படி நடக்கிறாங்கன்னு பார்ப்போம், அப்புறம் ஒட்டுவோம். சரியா வரலைன்னா பிச்சிடுவோம்" என்றாள். முப்பத்தோரு வருஷம் நூல் பிடித்துச் சாலைக்குக் கோடு போட்டவன் நான், எனக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் கைத்தடி ஊன்றிய ஒருவர் அந்தக் கோட்டின் பின்னாலேயே போய், அது சுவரில் ஏறியதும் அண்ணாந்து நின்றுவிட்டார். அப்படி என்னதான் பார்க்கிறார் என்று நானும் அண்ணாந்து நின்றேன்.

மகளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் சாப்பிடப் போனார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு கோணல் கோட்டைப் பிய்த்து, நூல் பிடித்து நேராக ஒட்டினேன். அது நேராகப் போய் ஒரு கதவில் முட்டியது, துடைப்பம் வைக்கிற அறை. கோடு நேராக இருக்கிறதே என்று திருப்தியாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு அம்மா அந்தக் கோட்டின் மேலேயே நடந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றார். அவர் பின்னால் ஒரு நர்ஸ். அப்புறம் பெட்டியும் கையுமாக ஒருவர். "டோக்கன் எப்போ குடுப்பாங்க?" "நானே இப்பத்தான் வந்தேன், முன்னாடி கேளுங்க." நான் ஓடிப்போய், "உள்ள துடைப்பம்தாங்க இருக்கு" என்றேன். "சார், நீங்களும் வரிசையில வாங்க" என்று நர்ஸ் அதட்டினார். போய் நின்றேன் மச்சான்! உள்ளே துடைப்பம்தான் என்று தெரிந்த நானே, கதவு திறந்தால் என்ன இருக்குமோ என்று தவித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர் கோப்பும் கையுமாக வந்து சேர்ந்தார். அவர்தான் அந்த அதிகாரி.

மகள் திரும்பி வந்தாள். கோட்டைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று நூலைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன். அவளோ, "அப்பா, அந்தக் கதவு உள்பக்கமா திறக்குமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டாள். அரைமணி நேரத்தில், வரிசை கலையாமலே, டேப்பை அறைக்குள் இழுத்துச் சுவரெல்லாம் ஓடவிட்டு, துடைப்பங்களைக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள். துப்புரவு அம்மா, "என் துடைப்பத்த யாரு எடுத்தது?" என்று சண்டைக்கு வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு இருக்கு, வேணுமா?" என்றார். பெட்டிக்காரர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, மறுபடி கடைசியில் போய் நின்றார். அதிகாரி தலையில் ஒரு துடைப்பக் குச்சியோடு வந்து கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருஷமாக "வந்து பாருப்பா" என்று கூப்பிட்டவள் அவள். போகாதது என் தப்பு. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இருந்தாலும் விளையாட்டு வேறு, உத்தியோகம் வேறு. திங்கட்கிழமை காலை அவளை உங்கள் அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன், இது உறுதி. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிப் பக்கத்துப் படிக்கட்டில் வேலை ஆரம்பம். அவளுக்கு என் உதவி வேண்டுமாம், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இதை உங்கள் அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கூடப்பிறந்தவர், உங்களை அவள் ஒன்றும் செய்ய மாட்டாள்.