ஐந்து பேரின் ஈரம்

விபோர்க், டென்மார்க்,
12.9.1988

மதிப்புக்குரிய மச்சான் இராசரத்தினம் அவர்களுக்கு,

நான் நலம். உமது தங்கை ஞானேஸ்வரியும் பிள்ளைகள் மூவரும் உமது வீட்டில் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். அவர்களை இங்கே அழைக்கும் விண்ணப்பம் பதினெட்டு மாதமாக இந்நாட்டு அமைச்சில் அசையாமல் கிடக்கிறது. இக்கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

சென்ற செவ்வாய்க்கிழமை இங்கு இரண்டு மணித்தியாலம் மழை கொட்டியது, மறுநாள் படுக்கையறைச் சுவரில் நீர் வடிந்தது, கூரை ஒழுகுகிறது என்று வீட்டை வாடகைக்கு விட்ட சங்கத்துக்கு முறையிட்டேன், அவர்களோ கூரை ஏற ஆளனுப்பாமல் ஈரம் அளக்கும் கருவியோடு ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை. அவர் சொன்னதை மொழிபெயர்க்க வந்த நவரத்தினம் அண்ணை இப்படிச் சொன்னார்:

"சூடான காத்து கனக்க ஈரத்தைத் தாங்குமாம், குளிர் பட்டா விட்டிடுமாம். வெளியில கொட்டினதும் அதுதானாம், உன்ர சுவரில வடியிறதும் அதுதானாம்."

"வெளியில பெய்தா முகிலின்ர பிழை, உள்ள பெய்தா என்ர பிழையோ?"

"ஓம். இது ஒரு ஆளின்ர ஈரமில்லையாம். அஞ்சு பேர் மூச்சு விட்டு, சமைச்சு, உடுப்புக் காயப்போடுற அளவாம். மற்ற நாலு பேரையும் எங்க ஒளிச்சு வச்சிருக்கிறாய் எண்டு கேக்கிறார்."

"அமைச்சிட்டக் கேக்கச் சொல்லுங்கோ. அவையள்தான் மறிச்சு வச்சிருக்கினம்."

"இதை நான் மொழிபெயர்க்கமாட்டன் தம்பி. என்ர மனிசியின்ர விண்ணப்பமும் அங்கதான் கிடக்கு."

அதிகாரி அலுமாரியைத் திறந்தார். போன வருடம் பிள்ளைகளுக்கென்று வாங்கிய மூன்று குளிர்ச்சட்டைகள், விலைச்சீட்டும் கழற்றாமல், தொங்கின. எழுதிக்கொண்டார். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. ஞானேஸ்வரி கடிதத்தில் எழுதியனுப்பிய அளவு ஐந்து பேருக்குரியது, அதைக் குறைக்க எனக்குத் தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு 'இவ்வீட்டில் ஐவர் வசிக்கின்றனர்' என்ற தாளை நீட்டினார். கையெழுத்திட்டால், குடும்பம் களவாக வந்துவிட்டது என்று அமைச்சு விண்ணப்பக் கோவையையே மூடிவிடும் என்று அண்ணை காதுக்குள் சொன்னார். மறுத்துவிட்டேன்.

மாமாவுக்கும் மாமிக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஊரடங்கு நேரத்தில் வெளியே போகாதீர்.

இப்படிக்கு,
சிவானந்தன்

பி.கு.: தபாலில் போடுமுன் சங்கத்தின் கடிதம் வந்தது. கூரை ஒழுகியது உண்மைதானாம், அத்தனையும் மழைநீராம், வருந்துகிறார்களாம். 'இவ்வீட்டில் ஒருவரே வசிக்கிறார்' என்று திருத்தி முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆகவே நான் வென்றுவிட்டேன். உடனே போய், ஐவர் என்று எழுதிய பழைய தாளை எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். பிழையான தாள்களைக் கிழித்துவிடுவார்களாம்.