கண் திறந்த தையல்காரர்

"நான் தூங்குற மாதிரி வரைஞ்சிருக்காருக்கா," என்றார் தையல்காரர். "இதைப் பார்த்துட்டு எவன் அவசரத் துணி கொடுப்பான்?"

நூலகர் படத்தைப் பார்த்தார். தையல் மெஷின் மேல் கன்னத்தைச் சாய்த்து ஓர் ஆள் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். மறுக்க முடியவில்லை.

அதே தெருவில் குடியிருக்கும் ஓவியர் தெரு மனிதர்களை வரைந்த படங்கள் அன்று காலைதான் ஆட்டோவில் நூலகத்துக்கு வந்திருந்தன. மறுநாள் மாலை கண்காட்சி. நடுச்சுவரில் மாட்டியிருந்த பெரிய படம் இதுதான். ஓவியருக்குக் கடுமையான காய்ச்சல். நாளை மாலை வரை யாரும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தையல்காரர் விடுவதாக இல்லை. நூலக மேசை விரிப்பு, நூலகர் மகளின் சீருடை என்று தான் சொன்ன நாளில் தைத்துக் கொடுத்ததையெல்லாம் நினைவூட்டினார். இமையை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும் என்றார். நூலகர் தன் மகளின் போஸ்டர் கலரை எடுத்துவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்கள் வைத்தார். கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டன. படத்திலிருந்த ஆள் இப்போது மெஷினில் சாய்ந்தபடியே எதிர்மாடியைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

படத்தின் அந்த எதிர்மாடி ஜன்னலில் ஒரு பெண் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

மதியம் அதே தெருவில் இருக்கும் கணக்கு டீச்சரின் கணவர் வந்தார். ஜன்னலில் நிற்பது தன் மனைவிதான் என்றார். அவளை அப்படிப் பார்க்க அந்த ஆளுக்கு என்ன வேலை என்று மிக மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் நூலகரைக் கலக்கியது. உடனே ஜன்னலைச் சாத்தினார், அரக்கு நிறத்தில்.

நான்கு மணிக்கு டீச்சரே வந்தார். காலையில் எட்டிப் பார்த்துவிட்டு, தான் படத்தில் இருப்பதாகப் பள்ளி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாராம்.

"ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் நாளைக்கு வருது. சாத்தின ஜன்னலைக் காட்டி இதுதான் நான்னு சொல்லவா?"

வேறு வழியின்றி நூலகர் டீச்சரைக் கீழே இறக்கி, தெருவில் காலியாக இருந்த ஒரே இடத்தில் நிறுத்தினார். அது தையல்கடை வாசல். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது: விழி பிதுங்கிச் சாய்ந்து கிடக்கும் ஆளுக்கு இரண்டடி தூரத்தில், கூந்தலை விரித்துப்போட்டு டீச்சர். பதறிப்போய்த் தையல்காரருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்.

மறுநாள் மாலை தையல்காரர் சலவைச் சட்டையோடு வந்து படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"கண்ணு தெரியாதவன்னுல்ல நினைப்பாங்க," என்றார். "தூங்கினதே பரவாயில்லைக்கா."

நூலகர் பதில் சொல்வதற்குள் ஓவியர் கழுத்தில் மஃப்ளரோடு மனைவியின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்துவிட்டார். கூட்டம் வழிவிட்டது. அவர் நேராக நடுச்சுவருக்குப் போய் நின்றார். எத்தனை மாத உழைப்போ, ஒரே நாளில் பாழாக்கிவிட்டோமே என்று நூலகருக்கு அழுகை முட்டியது.

"என் கை வேலைதான் சார்," என்றார்.

தையல்காரர் முன்னால் வந்து, கேட்டது தான்தான் என்றார். டீச்சரும் கணவரும் அவரவர் பங்கை ஒப்புக்கொண்டார்கள். சொந்த முகத்தைச் சுவரில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை என்று டீச்சர் தலைகுனிந்தார்.

ஓவியர் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காய்ச்சலில் குரல் எழும்பவில்லை. அவர் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நெருங்கினார்.

"அவசரத்துல நான்தான் ஆட்டோவுல படத்தை மாத்தி ஏத்திவிட்டுட்டேன் போல," என்றார் சங்கடமாக. "இது எங்க மக குடியிருக்கிற ஊரு. நீங்கல்லாம் எங்க கட்டிலுக்கு அடியில இருக்கீங்க."