பழைய பெட்டிக்குப் புது உயிர்

செத்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய ஒரு கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுப்பதென்று தீர்மானித்தேன். நான் வேலை பார்க்கும் அச்சகம் தூக்கி எறிந்தது அது. அதைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லை. ஐம்பதைத் தாண்டியவன் காதுபட எந்தப் பொருளையும் "இனி உதவாது" என்று சொல்லக் கூடாது. பின்பக்க அறையில் மேசை போட்டு அதை உட்கார வைத்தேன்.

கம்ப்யூட்டரை இயக்க யூனிக்ஸ் மாதிரி ஒரு சிஸ்டம் இருக்கிறது. இலவசம். யார் வேண்டுமானாலும் பிரித்துத் திருத்தலாம். ஆனால் இந்தப் பெட்டியின் சிப்பை அது கண்டதே இல்லை. கடிகாரம் எங்கே, டிஸ்க் எங்கே, மெமரி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாக நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் விடுமுறைகளெல்லாம் அதில் கரைந்தன.

என் மனைவிக்கு அந்த அறை வேண்டும். அவளுடைய தையல் மெஷின் நடைவழியில் நிற்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் முட்டியை இடித்துக்கொள்கிறார்கள்.

"ஏங்க, இது என்னிக்காவது ஓடுமா?"

"ஓடும்."

"ஓடலைன்னா?"

"பழைய இரும்புக் கடைக்கு நானே தூக்கிட்டுப் போறேன். ஓடிடுச்சுன்னா அது இந்த ரூமை விட்டு நகராது. சம்மதமா?"

"அது நகராது. சரி, சம்மதம்."

அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதுதான் என் வியாதி. அன்று பார்த்து அது குணமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்புத் திரையில் 'லாகின்' என்று எழுந்து நின்றது. கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட? நெட்வொர்க்கே வேலை செய்யுது. லேப்டாப்லேர்ந்து இதுக்குள்ள போகலாம்."

"ஹால்லேர்ந்தா?"

"உலகத்துல எந்த மூலையிலேர்ந்தும்!"

"இந்தத் திரை, கீபோர்டு?"

"எதுவும் தேவையில்லை. இந்த சிஸ்டத்தோட பெருமையே அதுதான்."

"அப்ப பக்கத்துல ஆளே வேணாம்?"

"ஆளே வேணாம்" என்றேன், கம்பீரமாக.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். பின்பக்க அறையில் தையல் மெஷின். மூலையில், தரையில், கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. என் நாற்காலியும் லேப்டாப்பும் ஹாலில்.

"என்ன இது?"

"அது நகரலையே. நீங்கதானே நகர்ந்தீங்க?"

வாதம் தேடினேன். ஒன்று அகப்பட்டது.

"இங்க பாரு, இது இன்னும் சோதனையில இருக்கிற சிஸ்டம். திடீர்னு உறைஞ்சு நின்னுடும். ரீசெட் பட்டனை அழுத்த ரூமுக்குள்ள ஒரு ஆள் இருந்தே ஆகணும்."

"அதான் நான் இருக்கேனே. குரல் குடுங்க, அழுத்துறேன்."

ஹாலில் உட்கார்ந்தேன். சிஸ்டத்தில் டிஸ்க்கைக் கவனிக்கும் பகுதியைத் திருத்தி ஏற்றினேன். பெட்டி உறைந்தது. திரையைப் பார்த்தபடி இருந்தேன். நான் உயிர் கொடுக்க நினைத்தது அந்தப் பெட்டிக்கா, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காரும் உரிமைக்கா? குரல் கொடுத்தேன்.

"ரீசெட்!"

உள்ளே மெஷின் கடகடத்து நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு சட்டையும் கத்தரிக்கோலும் வெளியே நீண்டன.

"இன்னொரு சட்டைக்குக் கை வச்சு முடிச்சுட்டு அழுத்துறேன். அதுவரைக்கும் இதுல தொங்குற நூலையெல்லாம் வெட்டி வைங்க."