குஸ்கோவுக்கு ஒரே ஒரு பை

செல்வச்சந்நிதி முருகன் அறிய, கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மிளகாய்த்தூளின் எடையைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மொன்றியலில் உருத்திரமூர்த்தி வந்து பேரின்பநாதனின் கதவைத் தட்டியபோது அவன் கையில் இரண்டு கிலோப் பாசல் இருந்தது. பேரின்பநாதன் கதவைப் பாதிதான் திறந்தார்.

"அண்ணை, குஸ்கோவுக்குப் போறியளாம்?"

"ஆர் சொன்னது?"

"எங்கட பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்க அதுதான் கதை. என்ர மச்சான் அருமைராசா அங்கதான் நிக்கிறான். களவா ஆள் ஏத்திற ஏஜென்சிக்காரன் கனடா எண்டு சொல்லி இறக்கிவிட்டிட்டான். மலையையும் குளிரையும் பாத்திட்டு இவனும் நம்பிட்டான். ரெண்டு வரியமா மிளகாய்த்தூள் இல்லாமல் சாப்பிடுறான், பாவம்."

அந்த ஏப்ரலோடு பேரின்பநாதனுக்கும் செல்வமலருக்கும் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்கு ஏழு முறை பஸ்ஸில் போயிருக்கிறார்கள். ஏழு முறையும் சனம் தந்துவிட்ட பாசல்களை வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். கடைசி முறை ஒரு அம்மி. குழவியை வேறொருவர் தந்தார். நயாகராவைத் தபாலட்டையில்தான் தெரியும். அதனால்தான் தமிழ்க் காற்றே படாத ஊராகத் தேடி, பெரு நாட்டு மலையில் பழைய ராசாக்கள் கட்டிய குஸ்கோ நகரத்தைப் பிடித்தார். நாலு நாள் பயணம். செல்வமலர் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"இஞ்சேருங்கோ, ஒரே ஒரு பை. எங்கட உடுப்பு மட்டும். ஆற்றையேன் பாசல் ஒண்டு வந்தாலும் நான் வரமாட்டன். நீங்கள் தனிய மலை ஏறுங்கோ."

ஆகவே பேரின்பநாதன் முகத்தைச் சோர வைத்துக்கொண்டார்.

"தம்பி, அந்த ஊர் பதினோராயிரம் அடி. மூச்செடுக்கக் காத்தில்லை. பாரம் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"ஐயோ அண்ணை!" உருத்திரமூர்த்தி பதறிப்போய், பாசலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினான்.

அன்று மத்தியானத்துக்குள் பேரின்பநாதனின் நுரையீரல் பழுது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எட்டு வீட்டிலிருந்து எட்டு மருந்து வந்தது. வேர்க்கொம்பு, திப்பிலி, நல்லெண்ணெய், ஏதோ ஒரு லேகியம். கொண்டுவந்த ஒவ்வொருவரும் போகும்போது சொன்ன சொல் ஒன்றுதான்: "இதில பாதி அருமைராசாவுக்கு."

இப்போது பாசல் ஒன்பது. தையல் ஃபக்டரியிலிருந்து செல்வமலர் ஐந்தரைக்கு வந்துவிடுவாள். கட்டிலுக்குக் கீழே தினமும் கூட்டுகிறவள் அவள். அலுமாரியும் குளிர்பெட்டியும் அவள் ஆட்சியில் இருந்தன. பல்கனிக்கு மட்டும் நவம்பர் தொடங்கி அவள் எட்டியும் பார்ப்பதில்லை. பெப்ரவரிப் பனி அங்கே இடுப்பளவு கிடந்தது. ஒன்பதையும் அதற்குள் புதைத்துவிட்டுப் பேரின்பநாதன் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார். மார்ச் என்று ஒரு மாதம் வரும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மார்ச் பதினெட்டில் வெயில் எறித்தது. முதலில் ஊறியது மிளகாய்த்தூள். மூன்றாம் மாடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஒழுகி, கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவி காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் விழுந்தது. கிழவி பொலிசைக் கூப்பிட்டாள்.

பொலிஸ்காரன் படியேறி வந்தான். அவனுக்குப் பின்னால், வேலை முடிந்து வந்த செல்வமலர்.

செத்தது யார் என்று பொலிஸ்காரன் பிரெஞ்சில் கேட்டான். பேரின்பநாதனுக்குத் தெரிந்த பிரெஞ்சு "பொன்ஜூர்", "மெர்சி" என்ற இரண்டும்தான். இரண்டையும் சொன்னார். பொலிஸ்காரன் சிவப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தான். பிறகு ஆறு நிமிடம் படியில் குந்தியிருந்தான். கிழவிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விசாரணை அத்தோடு முடிந்தது.

செல்வமலரின் விசாரணை முடியவில்லை. பனிக்குள் தலைநீட்டிய பாசல்களை எண்ணினாள்.

"ஒம்பது."

"அருமைராசா பாவமப்பா..."

"அப்ப அருமைராசாவோட போய்க் கலியாண நாளைக் கொண்டாடுங்கோ."

மூன்று நாள் அவள் தனக்கு மட்டும் சமைத்தாள். நாலாம் நாள் பேரின்பநாதன் ஒன்பதையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒன்பது வீடுகளும் மூன்றாம் மாடி. எட்டு வீட்டில் "நுரையீரல் எப்பிடி அண்ணை?" என்று கேட்டார்கள். கடைசியாக உருத்திரமூர்த்தி வீடு.

"அண்ணை, அப்ப மச்சான்?"

"தம்பி, நான் பொஞ்சாதியோட ஊர் பாக்கப் போறன். தபால்காரனாப் போகேல்லை."

இதைச் சொல்ல அவருக்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது.

அவர் மூச்சு இளைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, செல்வமலர் சின்னப் பை ஒன்றைத் திறந்து வைத்து, முதலில் அவருடைய ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் அந்தப் பையோடு அக்னெஸின் பயண முகவர் கடைக்குப் போனார்கள். அக்னெஸ் இளவாலை ஊர்ப் பெட்டை. ரெண்டு சீட்டை இவர்களுக்கென்று ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்தாள். பேரின்பநாதன் பையை அவள் மேசைமேல் வைத்தார்.

"பிள்ளை, நிறுத்துப் பார். ஏழு கிலோ. முழுக்க எங்கட."

"கெட்டிக்காரர் அண்ணை! இப்பவே எழுதிறன். ரெண்டு பேற்றை பாஸ்போட்டையும் தாங்கோ."

பேரின்பநாதன் சட்டைப்பையைத் தடவினார். கோட்டுப்பையைத் தடவினார். பிறகு செல்வமலரைப் பார்த்தார்.

செல்வமலர் பையை மேசையிலிருந்து மெல்ல இறக்கினாள்.

"அதை எண்பத்தெட்டில, கனடாவுக்கு அகதியா வரேக்க, ஏஜென்சிக்காரன் சொன்னபடி ரெண்டு பேரும் பிளேன் கக்கூசுக்குள்ள கிழிச்சுப் போட்டனாங்கள் அல்லோ. அதுக்குப் பிறகு ஆர் எடுத்தது?"